மிளகிலிருந்து பைப்பரின் பிரித்தெடுக்கும் முறை

மிளகின் உறைப்புக்குக் காரணம் பைப்பரின். திப்பிலியிலும் இதுவே இருக்கிறது. 1819-இல் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் இதைத் தனியே பிரித்தார். ஆல்கலாய்டு (தாவரங்களில் இருக்கும், பெரும்பாலும் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மம்) வகைதான், ஆனால் இதன் நைட்ரஜன் அமைடு பிணைப்பில் (C=O கார்பனோடு நைட்ரஜன் சேரும் பிணைப்பு) சிக்கியிருப்பதால் நாக்குக்குத்தான் காரம், லிட்மஸுக்குக் காரமில்லை. அதனால் நீர்த்த அமிலத்தில் கரைத்து மீட்கும் வழக்கமான ஆல்கலாய்டு முறை இங்கே பலிக்காது.

10 கிராம் மிளகைக் கொரகொரப்பாக உடையுங்கள். மாவாக அரைத்தால் சாக்ஸ்லெட் கருவியின் (கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்துத் திரும்பத் திரும்பப் பொருளின் மேல் இறக்குவது) கூட்டில் இறுகிக்கொள்ளும், கரைப்பான் இறங்காது. 95% எத்தனால் 150 மி.லி. ஊற்றி 2 மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு எத்தனாலை வாலைவடித்து, சாற்றை 15 மி.லி. அளவுக்குச் சுண்டவைக்க வேண்டும். வாட்டர் பாத் (சுடுநீர்த் தொட்டி) அல்லது ஹீட்டிங் மேன்டில் (குடுவையைச் சூழ்ந்து சூடாக்கும் மின்கருவி) மட்டும். பக்கத்தில் எங்கும் தீ கூடாது.

கையில் இருப்பது கரும்பழுப்பான பிசுபிசுப்பு. அதில் பிசின் அமிலங்கள் நிறைய. எத்தனாலில் கரைத்த 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. சேர்த்தால் அவை உப்பாகி ஒரு பகுதி அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் கொதிக்கவைக்காதீர்கள்: அமைடு உடைந்து பைப்பரிக் அமில உப்பும் பைப்பரிடினும் ஆகிவிடும். அம்மோனியா போன்ற நெடி வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

தெளிவை இளஞ்சூடாக்கி, கலங்கல் தட்டும்வரை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். அவசரப்பட்டு ஊற்றினால் படிகத்துக்குப் பதில் எண்ணெய்தான் பிரியும். அப்படியானால் கொஞ்சம் எத்தனால் விட்டு, சூடாக்கிக் கரைத்து, மெல்ல ஆறவிட்டு, கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டுங்கள். கண்ணாடிக் கீறலைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் ஊசிகள் முளைக்கும். ஓர் இரவு அசைக்காமல் வைத்து வடிகட்டி, குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

மறுபடிகமாக்கச் சூடான அசிட்டோன், கரையும் அளவுக்கு மட்டும். பிறகு ஐஸில் வையுங்கள். நன்றாக உலர்ந்த படிகம் 128–130 பாகை செல்சியஸில் உருகும். அதற்குக் கீழே, அகலமான இடைவெளியில் உருகினால் ஈரமோ பிசினோ மிச்சம். மிளகில் பைப்பரின் 5 முதல் 9 சதவீதம் என்று கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். கணிசமான பங்கு தாய்க்கரைசலிலேயே (படிகம் பிரிந்தபின் மிஞ்சும் கரைசல்) நின்றுவிடும். 10 கிராமுக்கு 300 மி.கி. வந்தாலே நல்ல கைதான்.

பழுப்புச் சீசாவில் அடையுங்கள். வெளிச்சம் பட்டால் பக்கச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகள் திரும்பி மாற்றியங்களாகும் (அதே அணுக்கள், வேறு வடிவம்), உறைப்பும் போய்விடும்.