முதல் ஸ்னோ புளோவர் வாங்க முதல் உங்கட டிரைவ்வே வாசலைப் போய்ப் பாருங்கோ

நொவெம்பர் வந்தால் காணும், எங்கட ஆக்கள் கனபேர் ஸ்னோவை வாரி எறியிற மெசினைப் பற்றி, "எந்த ஸ்னோ புளோவர் நல்லது" எண்டு கேக்கத் தொடங்கிடுவினம். உங்கட டிரைவ்வே என்னமாதிரி எண்டு தெரியாமல் அதுக்குப் பதில் சொல்லேலாது. நான் ரொறன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் கனகாலம் சவளால ஸ்னோ அள்ளி நாரிப்பிடிப்பு வந்த பிறகுதான் ஒண்டு வாங்கினனான், அதுவும் என்ர வாசலுக்குச் சரிவராத மெசின். நீங்கள் அந்தப் பிழையை விடக்கூடாது.

படி 1: அளவெடுங்கோ

டேப்பால நீளம், அகலம் ரெண்டையும் அளவுங்கோ. ஒரு கார் நிக்கிற டிரைவ்வே எண்டால் 18–21 இஞ்ச் சின்ன மெசின் காணும், ரெண்டு கார் பக்கத்தில பக்கத்தில நிக்குமெண்டால் 24 இஞ்சுக்குக் குறையாமல் பாருங்கோ. தரை தாரோ, இன்ரர்லொக் கல்லுப் பதிச்சதோ, சல்லியோ எண்டும் குறிச்சு வையுங்கோ. கராஜுக்குள்ள மெசின் நிக்க இடமிருக்கோ எண்டதும் முக்கியம்.

படி 2: சிங்கிள் ஸ்டேஜோ டூ ஸ்டேஜோ

இதுதான் எல்லாத்திலயும் பெரிய முடிவு. ஸ்னோ கொட்டி முடிய பிளவ், அதுதான் ஸ்னோ தள்ளுற லொறி, வந்து ரோட்டை வழிச்சுக்கொண்டு போகேக்க உங்கட வாசல்ல வயல் வரம்பு மாதிரி ஒண்டைக் கட்டிவிட்டுப் போகும். அது பஞ்சு ஸ்னோ இல்லை, உப்பும் சேறும் கலந்த சாம்பல் கட்டி, கொஞ்ச நேரம் விட்டால் கல்லு மாதிரி இறுகிப்போகும்.

சிங்கிள் ஸ்டேஜ்ல ரப்பர் துடுப்பு தரையில முட்டி ஸ்னோவை வாரி நேரா எறியும். பாரம் குறைவு, தரையைத் துடைச்ச மாதிரி வழிக்கும், 15–20 சென்ரிமீற்றர் வரைக்கும் நல்லாச் செய்யும், ஆனா அந்த வரம்பைக் கண்டால் மேல ஏறித் துள்ளும். சல்லித் தரைக்கு வேண்டவே வேண்டாம், கல்லை வாரி எறியும். டூ ஸ்டேஜ்ல இரும்புத் திருகு கட்டியை உடைச்சு உள்ள இழுக்க, பின்னால சுத்துற விசிறி அதைக் குழாயால வீசும், சில்லும் தானா உருளும். திருகு தரையில முட்டாதபடியால், ரெண்டு பக்கத்திலயும் இருக்கிற ஸ்கிட் ஷூ எண்ட சறுக்குத் தகட்டைக் கீழ இறக்கிப் பூட்டி மெசின் வாயை உயர்த்தினால் சல்லிக்கும் சரி.

2022 ஜனவரி 17, ஸ்னோ கொட்டி ரொறன்ரோவில டொன் வலி பார்க்வே, கார்டினர் எண்ட ரெண்டு ஹைவேயையும் மூடின நாள். என்ர சிங்கிள் ஸ்டேஜ் டிரைவ்வேயை ஒருமாதிரி முடிச்சுது, வாசல் வரம்புக்குத் திரும்பவும் சவள்தான். அதனால பிளவ் வாற ரோட்டில வீடு, டிரைவ்வேயும் பெரிசு எண்டால் காசைப் பாக்காமல் டூ ஸ்டேஜுக்குப் போங்கோ.

படி 3: பெற்றோலோ பற்றரியோ

பற்றரி சத்தம் குறைவு, கயிறு இழுக்கத் தேவையில்லை, ஆனா குளிரில சார்ஜ் கெதியா இறங்கும், அதனால பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ. பெற்றோல் எண்டால் பிளக் குத்தி ஸ்டார்ட் பண்ணுற வசதி இருக்கோ எண்டு கேளுங்கோ. சீசன் முடிய பெற்றோலை அப்பிடியே விட்டால் காபரேற்றர்ல பிசின் மாதிரிப் பிடிச்சு அடுத்த வருசம் ஸ்டார்ட் ஆகாது.

படி 4: கடையில

தடிச்ச கையுறையைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு எல்லா லீவரையும் அமத்திப் பாருங்கோ, குழாயைத் திருப்பிப் பாருங்கோ. விலையோட ஒன்ராறியோவில 13% எச்எஸ்டி வரி வரும், அதையும் கணக்கில எடுங்கோ. செப்டெம்பர், ஒக்டோபர்ல போனால் ஆறுதலாத் தெரிவு செய்யலாம்.

டூ ஸ்டேஜ் எண்டால் அண்டைக்கே ஷியர் பின் நாலைஞ்சு மேலதிகமா வாங்குங்கோ. ஒரு சின்ன ஆணிதான், திருகுக்குள்ள ஐஸ்கட்டியோ பேப்பர் கட்டோ சிக்கினால் "டக்" எண்டு அது முறிஞ்சு கியர்பொக்ஸைக் காப்பாத்தும். அவசரத்துக்கு சாதாரண போல்ட் பூட்டாதேங்கோ, அது முறியாது, கியர்பொக்ஸ்தான் போகும்.

படி 5: முதல் நாள்

கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளுக்க பெற்றோல் மெசினை ஓடவிடாதேங்கோ, புகை ஆளைக் கொல்லும். ஈர ஸ்னோ குழாய்ல அடைக்கும், அப்ப எஞ்சினை நிப்பாட்டி, எல்லாம் அசையாமல் நிண்ட பிறகு, மெசினோட வாற பிளாஸ்ரிக் தடியால மட்டும் குத்தி எடுங்கோ. எஞ்சின் நிண்டாலும் விசிறியில இழுவை மிச்சமிருக்கும், அடைப்பு விலகின உடன ஒரு சுத்துச் சுத்தும். கையை ஒருநாளும் விடாதேங்கோ.