மழையில் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டி: பிளக் வயரிலும் கேப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைக் கடந்து வியாசர்பாடிப் பக்கம் ஏறும்போதே திணறி நின்றுவிடும் இருசக்கர வண்டிக்கு, உடனே கார்பரேட்டரைக் கழற்றச் சொல்வதுதான் முதல் தவறு. ஈரத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்து (பொறி விட்டுவிட்டு வந்து இன்ஜின் திணறி), காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரும்தான். அவற்றில் மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட, பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே இன்ஜின் உடலுக்குத் தாவிவிடும். இரவில், காற்றோட்டமான இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் வண்டியின் வயர்மீது கை படாமல் தள்ளி நின்று லேசாக நீரைத் தூவினால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும்.

காசிமேட்டில் என் வண்டிக்கு ஒரு பட்டறையில், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையே மாற்றினார்கள்; ஒரே வாரத்தில் பழைய தொல்லை திரும்பியது. பழைய வயரையே புதுக் காயிலில் மாட்டியிருந்தார்கள். கேப்பை இடப்புறமாகத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்று பட்ட செம்பு நுனி பச்சைக் களிம்பேறி, தொட்டால் உதிர்ந்தது. அரை சென்டிமீட்டர் வெட்டி, பளபளக்கும் செம்பில் புதுக் கேப்பின் திருகைப் பதித்ததும் வண்டி சீராக ஓடியது. வெட்டுமுன் வயரின் நீளம் போதுமா என்று பார்ப்பது அவசியம். இழுத்து மாட்டிய வயர் அதிர்வில் கழன்றுவிடும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்புவதும் தவறே. 5 கிலோ ஓம் மின்தடை உள்ள கேப் எல்லையற்ற தடை காட்டினால் அது போய்விட்டது என்பது உறுதி. ஆனால் சரியான அளவு காட்டினாலும் கேப் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, ஏனெனில் சில வோல்ட்டில் அளக்கும் மீட்டருக்கு உயர் மின்னழுத்தத்தில் நிகழும் கசிவு தெரியாது. ரெசிஸ்டர் கேப் (உள்ளே மின்தடை உள்ள கேப்) இருந்த வண்டியில் ரெசிஸ்டர் இல்லாததைப் போட்டால் வண்டியின் டிஜிட்டல் ஸ்பீடோமீட்டரும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவும் குழம்பக்கூடும்.

வெடிப்பின்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினாலும் அது அந்த மின்னழுத்தத்தைத் தாங்காது. இன்ஜின் ஓடும்போதே கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்: ஷாக் அடிப்பதோடு, போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உட்காப்பையும் துளைத்துவிடும். ஸ்பார்க் பார்ப்பதானால் கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் தள்ளி வைத்து உதைக்க வேண்டும். மாட்டும்போது கேப் ‘டக்’கென்று உட்கார வேண்டும், உட்காராவிட்டால் பிளக் தலையில் உள்ள சிறு நட்டு அந்தக் கேப்புக்குத் தேவையா, இல்லையா என்று பாருங்கள்.