ஒரே கைக்கு எத்தனை படம்?

எனக்கு முடக்கு வாதம் (மூட்டுகள் வீங்கி அழலும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) வந்து 11 வருஷம் ஆகிறது. முதல் வருஷம், காலையில் பேஸ்ட்டைப் பிதுக்கக்கூட முடியாமல் அழுதுகொண்டிருந்த நாட்களில், கை எக்ஸ்-ரே ‘நார்மல்’ என்று வந்தது. “அப்போ ஒன்றுமில்லையே” என்றார்கள் வீட்டில். ஆரம்பத்தில் அப்படி வருவது சகஜம். எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். மூட்டின் உள்ளே உறைபோல இருக்கும் சவ்வு வீங்கியிருப்பதைக் காட்டாது. எலும்பில் சேதம் தெரிய மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு ஆகும்.

அதற்காக எக்ஸ்-ரேயை ஒதுக்காதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் படம் வேண்டும். சீட்டில் இரண்டு கைகளோடு இரண்டு பாதங்களும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு முதல் சேதம் வலது பாதத்தில், சுண்டுவிரல் அடி மூட்டில்தான் தெரிந்தது. அங்கே எனக்கு வலித்ததே இல்லை! ரிப்போர்ட்டில் ‘எரோஷன்’ என்றிருந்தால், கரையான் அரித்த கட்டைபோல எலும்பின் ஓரம் அரிபட்டிருக்கிறது என்று பொருள்.

சவ்வைப் பார்க்க அல்ட்ராசவுண்ட். டாப்ளர் போட்டால் அழற்சி உள்ள இடத்தில் ரத்த ஓட்டம் சிவப்புப் புள்ளிகளாக மினுங்கும். கருவியை அழுத்திப் பிடித்தால் அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும். ஒருமுறை என் மணிக்கட்டில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்து பார்த்தவர் ஜெல்லை நிறையப் பூசி, கருவியைத் தோலில் பட்டும் படாமலும் வைத்தார்; திரை சிவந்துவிட்டது. கை சில்லென்று இருந்தாலும் குறைவாகத் தெரியலாம், கொஞ்சம் சூடாக வைத்துக்கொண்டு போங்கள். வலி மாத்திரை, ஸ்டீராய்டு எது சாப்பிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவைப்படாது. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை அதுதான் காட்டும். பின்னால் அரிப்பு வரக்கூடும் என்பதற்கு அது முன்னறிகுறி. உடம்பில் பேஸ்மேக்கர், உலோகம், சிறுநீரகக் கோளாறு எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சரி, டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு வருவோம். நம்மில் பலர் கோட்டைவிடுவது இதில்தான். ‘எலும்புத் தேய்மானம்’ என்று மூட்டு தேய்வதையும் சொல்கிறோம், எலும்பின் அடர்த்தி குறைவதையும் சொல்கிறோம். டெக்ஸா அளப்பது அடர்த்தியை. முடக்கு வாதத்தின் அழற்சியே எலும்பைக் கரைக்கும். ஸ்டீராய்டு இன்னும் வேகமாகக் கரைக்கும், அதுவும் முதல் சில மாதங்களில். தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 3 மாதத்துக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தால் ஆரம்பத்திலேயே டெக்ஸா பற்றிக் கேட்டுவிடுங்கள்.

டெக்ஸாவுக்கு முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை வேண்டாம். ஜிப், உலோக பட்டன் இல்லாத உடை போதும். மல்லாக்கப் படுக்கவைத்து, காலுக்கடியில் ஒரு கட்டையை வைத்து கீழ்முதுகெலும்பை எடுப்பார்கள். அப்புறம் பாதத்தை உள்பக்கம் திருப்பித் தொடை எலும்பின் மேல்பகுதி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கதிர்வீச்சு மிகக் குறைவு.

டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட எண்) -1 வரை நார்மல், -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. இடையில் இருப்பது அடர்த்திக் குறைவு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பார்ப்பார்கள். எனக்கு டி-ஸ்கோர் முதுகில் -1.2, தொடை எலும்பில் -2.6. முதுகு எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வயதாக ஆக முதுகெலும்பில் முளைக்கும் எலும்பு நீட்சிகள் அந்த எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. குறைந்த எண்ணை வைத்துத்தான் டாக்டர் மாத்திரை எழுதினார்.

அடுத்த முறையும் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்-ரே எடுக்கவேண்டுமா என்று கேளுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் இந்த நோயில் நழுவக்கூடும்.

என் ஃபைலின் அட்டையில் வருஷா வருஷம் உயரத்தையும் எழுதிவைக்கிறேன். முதுகெலும்பு வலிக்காமலே நொறுங்கலாம். இளவயது உயரத்திலிருந்து 4 செ.மீ. குறைந்திருந்தால், டெக்ஸா எண் எப்படியிருந்தாலும், முதுகுக்குத் தனியாக ஒரு எக்ஸ்-ரே கேளுங்கள்.