பட்டியில் பிறவிக் குறைகள்: கிடாவின் வம்சத்தைக் கண்காணிக்கும் முறை

நாலைந்து பெட்டையும் ஒரு கிடாவுமாகத் தொடங்கும் ஆட்டுப் பட்டியில் அதே கிடாவை மூன்றாம் ஆண்டும் வைத்திருந்தால், அது தன் மகள்களையே சினைப்படுத்தத் தொடங்கிவிடும். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியின் உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வதன்) அளவு 25 விழுக்காடு. வம்சத்தில் ஒளிந்திருக்கும் குறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகின்றன.

முதல் வேலை பதிவேடு. எல்லா ஆடுகளுக்கும் காது வில்லை போட்டு, குட்டியின் தாய், தகப்பன், எடை ஆகியவற்றை ஈன்ற அன்றே எழுதிவிட வேண்டும். கிடாவைத் தனியே கட்டி, பெட்டையோடு சேர்த்த நாளைக் குறித்து வைத்தால்தான் தகப்பன் எது என்பது உறுதியாகத் தெரியும். செத்துப் பிறந்த குட்டியை எழுதாமல் புதைத்துவிடுவதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன்.

அடுத்து, குட்டியின் ஈரம் துடைத்ததும் வாலைத் தூக்கி மலவாய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உதட்டை விலக்கி, கீழ்ப்பற்கள் மேலீற்றில் பொருந்துகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீழ்த்தாடை மிகக் குட்டையாக இருந்தால் பின்னாளில் மேய முடியாமல் இளைக்கும். கிடாக்குட்டிக்கு விரைகள் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும்.

வெள்ளாடு வளர்ப்போர் கட்டாயம் அறிய வேண்டியது மொட்டை ஆடுகளின் சேர்க்கை. கொம்பில்லாமைக்கான மரபணு மாற்றம் தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்து சேர்ந்தால், பெட்டையாக வளர வேண்டிய குட்டி இருபாலியாகி மலடாகிவிடும். அல்குலின் கீழ்நுனியில் பட்டாணி போன்ற புடைப்பு தென்பட்டால் ஐயப்படலாம். ஆகவே பெற்றோரில் ஒன்றாவது கொம்புடன் பிறந்ததாக இருக்கட்டும். கொம்பு சுட்ட ஆட்டையும் கொம்புள்ளதாகவே கணக்கிடுங்கள். செம்மறிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேச்சேரி செம்மறி இனத்தில் கிடாவுக்கும் கொம்பு இருக்காது, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பிறவிக் குறை எல்லாமே வம்சக் குறை அல்ல. தாய்க்குத் தாமிரச் சத்து குறைந்தாலும் செம்மறிக்குட்டி பின்னங்கால் தள்ளாடிப் பிறக்கும். ஆனால் ஒரே கிடாவுக்கு வெவ்வேறு பெட்டைகள் ஈன்ற குட்டிகளில் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால், பதிவேட்டோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஒடுங்கு மரபணுவை, அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே குறையாக வெளிப்படும் மரபணுவை, சுமக்கும் கிடா பார்வைக்கு வாட்டசாட்டமாகவே இருக்கும். இப்படி வம்சக் குறையுள்ள குட்டியை ஈன்ற பெட்டையும் அதே மரபணுவைச் சுமப்பதால் அதையும் கழிக்க வேண்டும்.

கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திற்குள் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். பொலிகிடாவை (இனவிருத்திக்கு வைக்கும் கிடாவை) இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழித்த கிடாவைக் கறிக்கு மட்டுமே விற்க வேண்டும், பக்கத்து ஊர்ப் பட்டிக்குப் பொலிகிடாவாகக் கொடுத்துவிடாதீர்கள். புதிய கிடாவை வாங்கும்போது அதன் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.