ஹாலோவீனுக்கு வீட்டிலேயே ஒரு குட்டிப் பூசணி

அமெரிக்காவில் குழந்தைகள் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கினால் கடைகளில் குழந்தைகளுக்கான வேஷ உடைகள் குவிந்துவிடும். ஒரு மாலைப் பொழுதுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அன்று வீடுகளில் வைக்கும், முகம் செதுக்கிய பூசணிக்காயாக உங்கள் கைக்குழந்தையை மாற்ற ஆரஞ்சு நிறப் பருத்தி உடை ஒன்று போதும். கறுப்பு ஃபெல்ட் துணியில் கண், மூக்குக்கு மூன்று முக்கோணங்களும் பல் தெரியும் வாயும் வெட்டி, ஓரம் முழுக்க ஊசி நூலால் தைத்துவிடுங்கள். பசை வேண்டாம், பிய்ந்த துண்டு நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். பொத்தானும் மணியும் அப்படித்தான். தலையில் பச்சைக் குல்லாய் போட்டால் காம்பும் தயார். என்ன அழகு தெரியுமா!

அப்பா, அம்மாவுக்குக் கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், வைக்கோல் தொப்பி. பூசணித் தோட்டக்காரர்கள் ஆகிவிடலாம். அக்காவோ அண்ணனோ இருந்தால், பழைய சட்டையின் கை நுனியில் வைக்கோல் நிறக் கம்பளி நூலைத் தொங்கவிட்டுச் சோளக்கொல்லை பொம்மை ஆக்குங்கள்.

கைக்குழந்தைக்கு முகமூடி, முகச்சாயம், கழுத்தில் கட்டும் நாடா எதுவும் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, பஞ்சு அடைத்த உடையோடு கார் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். வார் உடம்போடு ஒட்டிப் பிடிக்காது. போய்ச் சேர்ந்த பிறகு மாட்டிவிடுங்கள். அப்புறம், இரவில் குளிரும். உடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் உள்ளே இன்னொரு சட்டை போடலாம்.