பக்கத்து மாடி வைத்தியம் நம் தொட்டிக்கு ஆகுமா? வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் ஒரு நாள் காலை. தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டார். "தக்காளி நல்லாத்தான் பூக்குது. ஒரு பிஞ்சு கூட பிடிக்கலை, எல்லாப் பூவும் உதிருது. என்ன போடலாம்?"

நாங்கள் மூன்று பேர் இருந்தோம், மூன்று பதில் சொன்னோம். ஒருவர் புளித்த மோர் தெளிக்கச் சொன்னார், ஒருவர் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) என்றார், நான் கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்றேன். அக்கா எங்கள் மூவரையும் நம்பி மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தார். இலை ஓரம் கருகி, பத்து நாளில் செடியே போய்விட்டது.

அந்தச் செடிக்கு எந்த நோயும் இல்லை. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கம் குறையாமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. பூக்கும், உதிரும். அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் எந்த மாடியிலும் இதுதான் நடக்கும். மேலே ஒரு நிழல்வலை, காலையில் தண்ணீர், அப்புறம் காத்திருப்பது. தேவைப்பட்டது அவ்வளவுதான். "இப்ப என்ன மாசம்?" என்ற கேள்வி எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து, மருந்தைச் சொல்வதற்கு முன்னால் ஊரையும் மாதத்தையும் கேட்டுவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. செடி வளர்ப்பவர்கள் பேசிக்கொள்வதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியை விட்டுவிடுவதால்தான் வருகின்றன.

ஊர் மாறினால் யோசனையும் மாறும்

என் தங்கை கோவையில் இருக்கிறாள், சித்தி நாகர்கோவிலில். மூன்று வீட்டிலும் தோட்டம் உண்டு, தொலைபேசியில் பேச்சு பெரும்பாலும் செடி பற்றித்தான். "இங்க நல்ல மழை, கத்திரி நாற்று எடுத்து வெச்சுட்டேன், நீயும் வெச்சிடு" என்று சித்தி ஜூன் மாதத்தில் சொல்வார். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சென்னையில் ஜூன் என்றால் அனல் இன்னும் இறங்கியிருக்காது. சித்தி சொன்னதைக் கேட்டு ஒரு வருடம் ஜூன் முதல் வாரத்தில் நாற்று நட்டேன். பாதிக்கு மேல் வாடிப்போயின. சித்தி சொன்னது அவர் ஊருக்கு முழுக்கச் சரி.

கோவையில் வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் பந்தல் கொடிகள் கிழிந்துபோகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே ஆடியில் விதை போட்டால் முளைத்த கன்றுக்குக் குச்சி கட்டவேண்டும், காற்றை மறைக்க ஒரு தடுப்பும் வேண்டும். மழை மறைவுப் பகுதி என்பதால் சென்னையில் பெய்வதில் பாதி மழைதான் அங்கே. அதனால் தங்கை "தினமும் ரெண்டு வேளை ஊத்துறேன்" என்று சொன்னால், அதை ஐப்பசி மாதத்தில் சென்னையில் இருப்பவர் பின்பற்றக் கூடாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் ஆடியில் விதைக்கும் வெண்டை, அவரை, கொத்தவரை ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்து நின்றுவிடும், அது நல்லது. ஆனால் காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கேரட்டை ஆடியில் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓசூரிலோ ஊட்டியிலோ இருப்பவர் காட்டும் படத்தைப் பார்த்து ஆசைப்படுவது இயல்புதான். சமவெளியில் அவற்றுக்கு மார்கழி, தைக் குளிர் வேண்டும். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் அந்தக் குளிருக்குச் சரியாக வரும்.

வாடினால் உடனே தண்ணீர்

மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். கத்திரி, பூசணி, பரங்கி இலையெல்லாம் துவண்டு தொங்கும். பதறிப்போய் ஒரு குடம் ஊற்றுவோம். இலை வழியாக வெளியே போகும் ஈரத்தின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாததால் வரும் தற்காலிக வாட்டம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்தால் கவலை இல்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் விஷயம்.

அப்போதும் உடனே ஊற்றாதீர்கள். வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி வாடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மேல் ஒரு அங்குலம் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். பையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாலும் கனத்திலேயே தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் எலுமிச்சைத் தொட்டியின் அடித் துளை அடைத்துக்கொண்டது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கி நின்றது. அடுத்த வாரம் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. "சத்து போயிருக்கும், உரம் வைங்க" என்றார்கள், வைத்தோம். அதுதான் அதன் கடைசி. மூச்சு முட்டி அழுகிய வேருக்கு உரம் என்பது காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது போல. தண்ணீரை வடியவிட்டு, மண்ணைக் கிளறி, வாடிய கிளையை வெட்டி, புதுத் துளிர் வரும்வரை சும்மா விட்டிருக்க வேண்டும். நான்கு வருடம் வளர்த்த செடி அது, இன்றும் அந்த மூலையைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

சென்னையில் வருட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. எனவே புரட்டாசியிலேயே எல்லாத் தொட்டியின் துளையிலும் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நிழல்வலையை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. கட்டிய வலை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து, குழாய்ப் பந்தலோடு பிடுங்கிக்கொண்டு போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போனதும் எங்கள் தெருவில் பாதி மாடிகளில் பந்தல் இல்லை.

மஞ்சள் இலைக்கு ஒரே மருந்து இல்லை

"இலை மஞ்சளாகுது, என்ன செய்யலாம்?" தோட்டக்காரர்களிடையே இதைவிட அதிகம் கேட்கப்படும் கேள்வி இருக்க முடியாது. இந்தக் கேள்விக்கு இப்படியே பதில் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை.

அடி இலைகள் முழுதாக வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கலாம், அல்லது இலைக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் இருக்கலாம். பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் பற்றாக்குறை, எப்சம் உப்பு இங்கேதான் உதவும். நுனியில் வரும் இளம் இலைகள் அதேபோல நரம்பு மட்டும் பச்சையாக வெளிறினால் அது இரும்புச் சத்துக் குறைவு. உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறு உள்ள வீடுகளில் செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையால் வேரால் எடுக்க முடியாது. அங்கே எப்சம் உப்பைக் கொட்டி ஒரு பயனும் இல்லை. மழைநீரைப் பிடித்து ஊற்றினால் வித்தியாசம் தெரியும்.

முட்டை ஓட்டுக்கும் இதே நிலைதான். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் "கால்சியம் குறைவு, முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க" என்போம். கால்சியம் போதாதது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது மண்ணில் இருக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றும்போது காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்து வரும் காய்கள் சரியாக இருக்கும். முட்டை ஓடு மட்கிக் கரைய மாதக்கணக்காகும், அதற்குள் தக்காளி முடிந்திருக்கும்.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவதை நான் தடுக்கமாட்டேன், நீர்க்க ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் அதைவிடப் பலன் தருவது பறிக்கும் விதம். இலையை உருவிப் பறித்தால் செடி ஒற்றைக் குச்சியாகவே நிற்கும். நுனியோடு ஒடித்து எடுத்தால் அந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும்.

புண்ணாக்கைக் காய்ந்தபடியே தொட்டியில் போடாதீர்கள். எறும்பும் எலியும் வரும், மண்ணுக்குள் புளித்துச் சூடாகும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். அக்கா வீட்டுத் தக்காளி கருகியதற்கு நான் இந்த அளவைச் சொல்லாமல் விட்டதும் ஒரு காரணம்.

பூ நிறைய, காய் இல்லை

கொடிக் காய்களில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும். அவை உதிர்வது இயற்கை. காம்புக்கும் பூவுக்கும் நடுவில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. இது தெரியாமல் முதல் வாரமே மருந்து தேடுபவர்கள் நிறைய. பெண் பூ வந்தும் பிஞ்சு பழுத்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மூன்றாவது நான்காவது மாடிக்கு வண்டுகளும் தேனீக்களும் குறைவாகத்தான் வரும். அதனால் நாமே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும்.

இதில் நேரம் தவறிவிடுகிறது. பரங்கியும் பாகலும் காலையில் விரியும், எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலமும் இரவும் விரிபவை. "காலைல ஒன்பது மணிக்குத் தொட்டுவிட்டேன், ஒண்ணும் பிடிக்கலை" என்று பீர்க்கங்காய்க்காரர் சொன்னால், அவர் வாடிய பூவைத் தொட்டிருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் போகச் சொல்லுங்கள்.

பழ மரங்களில் பப்பாளிதான் அதிக ஏமாற்றம் தருவது. கடையில் வாங்கிய பழம் இனித்தது என்று விதை போடுவோம். எட்டு மாதம் வளர்த்தபின் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கினால் அது ஆண் மரம். ரெட் லேடி மாதிரி வீரிய ஒட்டு ரகத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே வரும் என்பதும் நிச்சயமில்லை. இடம் இருந்தால் ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்தபின் நல்லதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொய்யாவை வெட்டப் பயப்படாதீர்கள். புதுத் துளிரில்தான் அது பூக்கும். மாமரத்துக்கு நேர்மாறான எச்சரிக்கை: பூ எடுப்பதற்கு முன், கார்த்திகை, மார்கழியில் தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தால் மரம் பூக்காமல் இலை தள்ளும். பூத்தபின் பிஞ்சு உதிர்வதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். பூத்ததில் நூற்றில் ஒன்று காயாக நின்றாலே பெரிது.

பூச்சியைக் கண்டதும் அடிக்காதீர்கள்

2008-ல் கோவைப் பகுதியில் முதலில் பார்க்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாவற்றையும் வெள்ளை வெள்ளையாக மூடியது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. கடும் மருந்து அடித்தால் அந்தக் குளவி மாதிரியான நம் ஆட்கள்தான் முதலில் சாவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழுவும் உடல் முழுக்க வெள்ளைப் பஞ்சோடுதான் இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, பஞ்சு நீளமாக, சுறுசுறுப்பாக நகர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு எறும்பு காவல் இருக்கும், எனவே எறும்பின் பாதையை மறித்தாலே பாதி வேலை முடியும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு. உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

இனி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால் முதலில் இவற்றைக் கேளுங்கள்: எந்த ஊர், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, தொட்டி எவ்வளவு பெரிது, போன இரண்டு வாரத்தில் என்ன போட்டீர்கள். நீங்கள் கேட்பவராக இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கிடைக்கும் யோசனைகளில் ஒன்றை மட்டும் செய்து பத்து நாள் பாருங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

விதை மாற்றிக்கொள்ளும்போதும் அப்படித்தான். நாட்டு வெண்டை, அவரை, தக்காளி விதையைத் தைரியமாகக் கொடுக்கலாம். பக்கத்துப் பக்கத்து மாடிகளில் இரண்டு ரகச் சுரை பூத்திருந்தால் விதை கலந்திருக்கும், அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உறை மேல் செடியின் பெயர், ஊர், விதை எடுத்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். சித்தி அனுப்பிய கத்திரி விதை உறையில் இப்போது "நாகர்கோவில், மாசி" என்று இருக்கிறது. அதை நான் ஆவணியில் போடப்போகிறேன்.