ஹாம் வானொலி: குறைந்த செலவில் தொடங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

உரிமம் பெற்ற ஆர்வலர்கள், அதாவது ஹாம்கள், சொந்த வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்குதான் ஹாம் வானொலி. அதில் ஆர்வம் வந்தவுடன் பலர் செய்கிற முதல் காரியம், இணையத்தில் ஒரு சீன வாக்கி டாக்கியை ஆர்டர் செய்வது. பவோஃபெங் யு.வி.5ஆர் அல்லது அதன் வகையறா. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடுவதால் சிக்கனமான தொடக்கமாகத் தோன்றும். கையில் காசு குறைவாக உள்ளவர் கடைசியாக யோசிக்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன். முதலில் கருவி, பிறகு உரிமம், மிச்சமிருக்கும் காசில் ஆன்டெனா என்று வரிசையை மாற்றிப் போடுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலான பணம் வீணாகிறது.

இந்தியாவில் ஒலிபரப்பும் வசதியுள்ள கருவியை இயக்க மட்டுமல்ல, வைத்திருக்கவே உரிமம் வேண்டும். "பேசமாட்டேன், சும்மா கேட்பேன்" என்ற வாதம் எடுபடாது. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், இத்தகைய விவரங்களைச் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்பனைக்கு வைத்ததற்காகத்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கருவி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே திருப்பினாலும் ஒலிபரப்பும். அதில் ஹாம்களுக்கு உரியது 144 முதல் 146 வரை மட்டுமே. 156.8 மெகாஹெர்ட்ஸ் என்பது கடலில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனல். நாகப்பட்டினத்தில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு அங்கே "யாராவது இருக்கிறீர்களா" என்று பேசிப் பார்ப்பது விளையாட்டுக் காரியமல்ல.

உரிமம் கிடைத்த பிறகாவது அது பயன்படுமா? சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும், மலைமேல் உள்ள ரிப்பீட்டர் ஒன்று உங்கள் வீட்டுக்கு எட்டினால் பயன்படும். எட்டாவிட்டால், கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டரோடு சரி. எட்டுமா, எட்டாதா என்பதை உங்கள் ஊரில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ஒரு ஹாம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் வாங்குவதுதான் தவறு.

தேர்வைத் தள்ளிப்போடுவது

உரிமத்துக்காகத் தொலைத்தொடர்புத் துறையின் வானொலி உரிமப் பிரிவான டபிள்யூ.பி.சி. நடத்தும் தேர்வில் இரண்டு நிலைகள் உண்டு. ஜெனரல் நிலைக்கு புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி சொல்லும் மோர்ஸ் முறை நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. 12 வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். "எழுதினால் ஜெனரல்தான்" என்று மோர்ஸ் பயிற்சியைத் தொடங்கி, பாதியில் விட்டு, எந்தத் தேர்வையும் எழுதாமலே இருப்பவர்கள் ஏராளம். ரெஸ்ட்ரிக்டட் எழுதி வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியை (வானொலியில் உங்கள் அடையாளப் பெயரை) முதலில் வாங்கிவிடுங்கள். மோர்ஸ் எங்கும் ஓடிவிடாது. சிற்றலையில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) அந்த நிலைக்கு 50 வாட் வரை அனுமதி இருக்கிறது. புதியவருக்கு அது தாராளம்.

தேர்வுக்கும் உரிமத்துக்கும் ஆகும் கட்டணம் பெரிதல்ல. காலம்தான் இழுக்கும். பாதுகாப்புச் சரிபார்ப்பு முடிந்து உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். இந்த இடைவெளியைப் பலர் கருவிகளின் விலையை ஒப்பிட்டே கழிக்கிறார்கள். அந்த நேரத்தை மற்ற ஹாம்கள் பேசுவதைக் காதால் கேட்பதில் செலவிட்டிருந்தால், எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்குத் தானாகவே விடை கிடைத்திருக்கும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்.எஸ்.டி.ஆர். ரிசீவரை உலகில் எங்கிருந்தும் இணையத்தில் இலவசமாகத் திருப்பிக் கேட்கலாம். இதே போன்ற கிவி எஸ்.டி.ஆர். ரிசீவர்களும் பல நாடுகளில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கின்றன. காலையில் எந்த அலைவரிசை உயிரோடு இருக்கிறது, இரவில் எது அடங்குகிறது, அழைப்புக்குறியை எப்படிச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் செலவில்லாமல் காதில் ஏறும்.

இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. கணினியில் செருகி வானொலி கேட்கும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்ற யு.எஸ்.பி. டாங்கிளை மலிவு என்று வாங்கி, 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் கேட்கவில்லை என்று தூக்கிப் போடுவார்கள். அந்தச் சாதாரண டாங்கிள் ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கும். சிற்றலை வேண்டுமென்றால் அதற்கான வசதி உள்ளேயே அமைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.8 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பைப் பிடிக்க நினைப்பவருக்குச் சாதாரண டாங்கிளே போதும்.

யாரோடு பேசப் போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் 2003-இல் வெளியிட்ட பிட்எக்ஸ் வடிவமைப்பு, கையில் காசில்லாத ஹாம்களுக்குக் கிடைத்த வரம். எளிதில் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஒரு சிற்றலைக் கருவியைச் செய்துவிடலாம் என்று காட்டியது அது. அதன் முதல் வடிவம் 14 மெகாஹெர்ட்ஸுக்கானது. இப்போது ஒரு புதியவர் யாரோ தரும் 14 மெகாஹெர்ட்ஸ் கருவியை மலிவாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கிறார், மதுரை நண்பரோடு பேச ஆசை. ஆஸ்திரேலியா கேட்கும், இத்தாலி கேட்கும், மதுரை பெரும்பாலும் கேட்காது. அந்த அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரையிறங்கும் இடம் மதுரையைத் தாண்டி வெகு தொலைவில் இருக்கிறது. இடைப்பட்ட ஊர்கள் எல்லாம் அதற்கு நிழல்.

தென்னிந்தியாவுக்குள் பகலில் பேச 7 மெகாஹெர்ட்ஸ்தான் சரி. அது ஏறக்குறைய நேர் மேலே சென்றும் திரும்பி வரும், சில நூறு கிலோமீட்டர் வட்டத்தை நன்றாகவே மூடும். ஆன்டெனா தாழ்வாக இருந்தாலும் இதற்குக் கேடில்லை. தாழ்வாக இருந்தால்தான் அலை மேல்நோக்கிப் போகும்.

ஆன்டெனாவில் மிச்சம் பிடிப்பது, கேபிளில் கோட்டைவிடுவது

கடையில் விற்கும் ஆன்டெனா தேவையே இல்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண ஒயர், காப்புக்கு நாலு பி.வி.சி. குழாய்த் துண்டு, நைலான் கயிறு போதும். நடுவில் கேபிள் இணைந்து இருபக்கமும் ஒயர் நீளும் ஆன்டெனாதான் டைபோல். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அதன் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. பக்கத்துக்குப் பத்தரை மீட்டராக வெட்டிக்கொண்டு, நடுப்புள்ளியை மாடியில் ஒரு குழாய்க் கம்பத்தின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் சரிவாக இறக்கி மதில் பக்கமோ வேப்பமரத்திலோ கட்டுங்கள். அளவைச் சரிசெய்யும்போது நுனியை வெட்டாதீர்கள். ஐந்தைந்து சென்டிமீட்டராக மடித்து ஒயர்மேலேயே சுற்றிவிட்டுப் பாருங்கள். மடித்ததை விரிக்கலாம், வெட்டியதை ஒட்டுவது தலைவேதனை. பி.வி.சி. உறை உள்ள ஒயர் கணக்கைவிடச் சற்றுக் குறைந்த நீளத்திலேயே பொருந்திவிடும், அதனால் திடுக்கிட வேண்டாம்.

கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிளுக்கு வருவோம். ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. 145 மெகாஹெர்ட்ஸில் அதை 20 மீட்டர் இழுத்தால் ஏறக்குறைய 4 டெசிபல் போய்விடும். கருவி 5 வாட் தந்தால் மாடிக்குப் போய்ச் சேர்வது 2 வாட். மீதி கேபிளைச் சூடாக்கத்தான். அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் அளவில்தான் இழக்கும், அங்கே அதைக் குறை சொல்ல முடியாது. கேபிள் டி.வி.க்காரர் விட்டுப்போன ஆர்.ஜி.6 சுருள் வீட்டில் கிடந்தால் அதையும் ஒதுக்காதீர்கள். கருவி 50 ஓமுக்கானது, இது 75 ஓம் என்பதால் சிறு பொருத்தமின்மை வரும், ஆனால் 145-இல் அதன் இழப்பு ஆர்.ஜி.58-ஐவிட மிகக் குறைவு.

இன்னொரு மாயை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டும் எண். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதை அது காட்டும், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 1.1 வந்துவிட்டது என்று பூரிப்பார்கள். நீளமான மட்டமான கேபிள் போட்டாலும் அந்த எண் அழகாகத்தான் வரும். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியை வழியிலேயே கேபிள் தின்றுவிடுவதால் மீட்டருக்கு அது தெரிவதில்லை. ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்கிவிடும் டம்மி லோடுக்கும் 1.0 காட்டும், அதில் யாரும் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பேச முடியாது. கேபிளைக் கழற்றி, நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுகருவியை ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்தி அளப்பதுதான் உண்மையைச் சொல்லும். அதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. ஊரில் ஒருவரிடம் இருந்தால் ஊருக்கே போதும்.

மழைக்காலத்துக்கு முன் இணைப்புகளை நீர் புகாத டேப்பால் சுற்றுங்கள். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அதைக் காயவைத்துப் பயனில்லை.

கேட்காததற்குச் சக்தியைக் கூட்டுவது

பதில் வரவில்லை என்றவுடன் ஆம்ப்ளிஃபயர் தேடுவார்கள். 5 வாட்டை 50 வாட்டாக்கினால் கூடுவது 10 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் சிக்னல் மீட்டரில் அது 2 எஸ் (அந்த மீட்டரின் படி) அளவுகூட இல்லை. ஆனால் உங்கள் வீட்டு இரைச்சல் 6, 7 எஸ் அளவுக்கு ஏறிக்கிடக்கும். அவர் பதில் சொல்கிறார், உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா வேண்டாம். ரிசீவரை பேட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது இரைச்சல் சட்டென்று படுக்கிறதோ, அந்தச் சுற்றில்தான் திருடன் இருக்கிறான். மட்டமான எல்.இ.டி. பல்பு, பெயர் தெரியாத செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். பல்பை மாற்றுவது ஆம்ப்ளிஃபயரைவிட எவ்வளவு மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய கருவியும் மின்கம்பியும்

உரிமம் வந்தபின் புதுக் கருவிக்குச் சேமிப்பதைவிட, மற்றொரு ஹாமிடமிருந்து பழையதை வாங்குவதே என் பரிந்துரை. ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், டம்மி லோடில் போட்டு, ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை வாட் வருகிறது என்று பாருங்கள். பவர் டிரான்சிஸ்டர் போன கருவி கேட்பதில் ஒரு குறையும் காட்டாது. மைக்கும் பவர் ஒயரும் கூட வருகின்றனவா என்று கேளுங்கள், தனியே வாங்கினால் அவை கையைக் கடிக்கும். விற்றதற்கான கடிதத்தில் இருவர் அழைப்புக்குறியும் கருவியின் வரிசை எண்ணும் இருக்கட்டும்.

ஒயர் கட்டுவதில் மட்டும் சிக்கனமோ சோம்பலோ கூடாது. தெருவில் போகும் மின்கம்பிக்கு மேலேயோ, அறுந்தால் அதன்மீது விழும் தூரத்திலோ ஆன்டெனாவைக் கட்டக் கூடாது. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத அளவுக்கு இடம் விட வேண்டும். அப்படி இடமே இல்லாத வீடு என்றால் மாடிக்குள் அடங்கும் சிறிய ஆன்டெனாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், இடி கேட்கும்வரை காத்திராமல், பேசி முடித்ததும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.